வெள்ளைக்காரன் கோட்டையா, நம் கோட்டையா?

"அது வெள்ளைக்காரன் கட்டிய கோட்டைதானே! இருந்தால் என்ன, இடிந்தால் என்ன?" தரங்கம்பாடிக் கோட்டையைப் பற்றி இப்படிக் கேட்பவர்கள் உண்டு.

அந்த வெள்ளைக்காரன் ஆங்கிலேயன் அல்ல. டென்மார்க்கு நாட்டுக்காரன். மிளகு வாங்க வந்தவன். அவன் இந்த இடத்தைச் சண்டை போட்டுப் பிடிக்கவில்லை. 1620-ம் ஆண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் கேட்டு வாங்கினான். கப்பல் தலைவன் ஓவ் ஜெடே கோட்டை கட்டினான். டான்ஸ்போர்க் என்று பெயர் வைத்தான்.

மண் தஞ்சை மண். செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்த கைகள் நம்மவர் கைகள். பிறகு அது எப்படி அயலான் சொத்தாகும்?

மேல் மாடியில் கவர்னர் குடியிருந்தார். கீழே இருட்டறைகள். சரக்கு வைத்ததும் அங்கேதான், கைதிகளை அடைத்ததும் அங்கேதான். ஒரே கூரையின் கீழ் விருந்தும் விலங்கும்! பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது இதைத்தான். வெறுமனே பீரங்கி மேல் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் என்ன லாபம்?

1845-ல் டென்மார்க்கு அரசு இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. ஊரில் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆங்கிலேயருக்கோ ஏற்கெனவே நாகப்பட்டினம் இருந்தது. தரங்கம்பாடித் துறைமுகம் தூங்கிப் போயிற்று.

இங்கிலாந்தில் வின்ட்சர் கோட்டை இருக்கிறது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. குடும்பம் குடும்பமாகச் சீட்டு வாங்கிப் போய்ப் பார்க்கிறார்கள். அங்கே சுவரில் ஆணியால் பெயர் கீறினால் சும்மா விடமாட்டார்கள். நம் ஊரிலோ பழைய சுவரைக் கண்டால் சிலருக்குக் கை அரிக்கிறது! காதலியின் பெயர், ஊர்ப் பெயர், வந்த தேதி, எல்லாம் எழுதியாக வேண்டும். தொல்லியல் துறை எத்தனை காவலர் போட்டாலும் போதாது. அப்பாவும் அம்மாவும்தான் பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று. கோட்டையைப் பார்த்தவுடன் பஸ்ஸைத் தேடி ஓடுகிறார்கள். கூப்பிடு தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. பாண்டியன் காலத்துக் கோயில். கோட்டைக்கு முந்நூறு ஆண்டு மூத்தது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அலையைத் தடுக்கக் கரையில் பாறைகளைப் போட்டிருக்கிறார்கள். பஸ் போனால் அடுத்த பஸ் வரும். பிள்ளைகளை அந்தப் பாறைகள் வரை நடத்திக்கொண்டு போய், கடல் எதுவரை வந்திருக்கிறது என்று காட்டுங்கள்.