ஜூன் மாசத்து ஓட்டு யாருக்கு வேணும்?

2028-ல யாரு நிப்பாங்கன்னு ஆளாளுக்குப் பதிவு போட ஆரம்பிச்சாச்சு. வான்ஸா, நியூசமா, கமலா திரும்ப வருவாரா... போடுங்க மக்கா, நல்லாருங்க. ஆனா நான் குடியிருக்கிறது நியூ ஜெர்சியில. எங்களுக்கு அந்தக் கவலையே கிடையாது.

2024-ல எங்க ப்ரைமரி ஜூன் 4. பைடனும் டிரம்ப்பும் வேண்டிய டெலிகேட்டுகளைச் சேர்த்து முடிச்சது மார்ச் 12. நிக்கி ஹேலி அதுக்கும் ஆறு நாள் முன்னாடியே மூட்டையைக் கட்டிட்டாங்க. பந்தி முடிஞ்சு இலை எடுத்தப்புறம் போய் உட்கார்ந்த மாதிரி நானும் ஓட்டுப் போட்டுட்டு வந்தேன்.

நியூ ஹாம்ப்ஷயர்ல சுமார் 14 லட்சம் பேர். இங்கே 90 லட்சத்துக்கு மேல. ஆனா முதல் ப்ரைமரி தங்களோடதாத்தான் இருக்கணும்னு அவங்க சட்டமே போட்டு வச்சிருக்காங்க. 2024-ல டெமாக்ரடிக் கட்சி சவுத் கரோலினாவை முன்னாடி தள்ளிப் பார்த்துச்சு. கேட்டாங்களா? ஜனவரி 23-லயே நடத்தி, சீட்டுல பேரே இல்லாத பைடனைக் கையால எழுதிப் போட்டே ஜெயிக்க வச்சாங்க!

சின்ன மாநிலம்னாத்தான் காசில்லாத வேட்பாளரும் வீடு வீடாப் போய் ஓட்டுக் கேட்க முடியும்னு ஒரு வாதம் இருக்கு. நியாயம்தான். அப்போ டெலாவேர் ஒரு தடவை, நியூ மெக்ஸிகோ ஒரு தடவைன்னு மாத்தி விடுங்களேன்? அது மட்டும் ஆகாது.

எங்காளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. 2008-ல பிப்ரவரி 5-க்கு மாத்திட்டு, 2012-ல திரும்ப ஜூனுக்கே போயிட்டாங்க. தனியா நடத்தினா செலவாம்! எங்க தொகுதி சட்டசபை உறுப்பினருக்கு இதையே கடுதாசியா எழுதப் போறேன். வேட்பாளர் பட்டியலை நீங்க பார்த்துக்கங்க.