யார் எந்தக் குழுவில்?

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு தோழர் கேட்டார்: "அண்ணே, வெண்மணியப் பத்திப் பேச வேண்டிய எடத்துல, ஏழு பேர ரெண்டு குழுவாப் பிரிக்கிற வெளையாட்டு எதுக்கு?" நியாயமான கேள்வி. நாலு பேருக்குத் தெரிய பதில் சொல்லிவிடுவது நல்லது.

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் கொடுக்கிறார்கள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் வாசல் வேறு. அங்கே நுழைவுத் தேர்வு, அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். டெல்லித் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் தனியாக நடத்தும் தேர்வில் 150 கேள்விகள் என்றால் 70 தர்க்கத்துக்கே போகிறது. குழு பிரிக்கும் புதிர்கள் வருவது அதில்தான். தப்பான விடைக்குக் கால் மார்க் போய்விடும். 'உங்களுக்குத்தான் இடஒதுக்கீடு இருக்கே' என்பார்கள். அந்த இடமும் இந்தத் தேர்வின் தரவரிசைப்படிதான் கிடைக்கிறது.

புதிர் இப்படி இருக்கும். க, ச, த, ப, ம, ர, வ என ஏழு பேர். முதல் குழுவில் நாலு பேர், இரண்டாம் குழுவில் மூணு பேர். கவும் சவும் ஒரே குழுவில் இருக்கக் கூடாது. தவும் பவும் பிரியக் கூடாது. ம முதல் குழுவுக்குப் போனால் வ இரண்டாம் குழுவுக்குப் போக வேண்டும். இப்போது கேள்வி: வ இரண்டாம் குழுவில் இருந்தால், மவும் அதே குழுவில் இருக்கலாமா?

வகுப்பில் பாதிப் பேர் 'முடியாது' என்றார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் தப்புப் பண்ணினேன். விதியை மறுபடி படியுங்கள். ம முதலில் என்றால் வ இரண்டில், அவ்வளவுதான். வ இரண்டில் என்றால் ம முதலில் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் இரண்டாம் குழுவிலேயே இருக்கலாம். அப்படி இருந்தால் அங்கே மிச்சம் ஒரே இடம். க, ச இருவரில் ஒருவர் அங்கே போயே ஆக வேண்டும். குழு நிரம்பிவிட்டது. த, ப, ர மூவரும் தானாக முதல் குழுவுக்கு வந்துவிடுகிறார்கள். தாளில் இரண்டு கட்டம் போட்டு எழுதிப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. மூணு வாரம் பழகிய பிறகு, 'எனக்குக் கணக்கே வராது' என்று ஒதுங்கியிருந்த பெண்தான் இதை மற்றவர்களுக்குப் போர்டில் போட்டுக் காட்டியது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. மூணு வாரத்தில் கைக்கு வருகிற ஒன்றைப் பிறவி அறிவு என்று எப்படிச் சொல்வது? இது பழக்கம். நகரத்தில் பணத்தைக் கொட்டி இரண்டு வருஷம் கோச்சிங் போகிறவன் இந்தப் பழக்கத்தைத்தான் வாங்குகிறான். வெளியே வந்து அதற்குத் 'தகுதி, திறமை' என்று பேர் வைக்கிறான். 1990ல் மண்டலுக்கு எதிராகத் தெருவுக்கு வந்தவர்கள் கூவியதும் அதே பேரைத்தான். அவர்கள் வாதத்தையே புதிராகப் போட்டுப் பாருங்கள். 'தேர்வில் ஜெயித்தவன் கெட்டிக்காரன்.' சரி, வைத்துக்கொள்வோம். அதனால் தோற்றவன் மடையன் என்று ஆகிவிடுமா? ஆகாது. வ இரண்டில் இருந்தால் ம முதலில்தான் என்று சாதித்த அதே தப்பு இது. தகுதி பேசுகிறவர்கள் இந்த முதல் பாடத்திலேயே ஃபெயில்.

அளவுகோல் என்றைக்கும் மாறாது என்பதும் பொய். அமெரிக்கச் சட்டப் பள்ளிகளுக்கான எல்சாட் தேர்வில் 35 நிமிடத்தில் இப்படி நாலு புதிர் போட வேண்டியிருந்தது. படம் வரைந்து போடுகிற கணக்கைப் பார்வையற்றவர் எப்படிப் போடுவார்? ஏஞ்சலோ பின்னோ என்ற பார்வையற்றவர் 2011ல் நீதிமன்றம் போனார். முதல் வழக்கு நிற்கவில்லை. அவர் விடவில்லை. 2019ல் தேர்வு நடத்துகிறவர்கள் சமரசத்துக்கு வந்தார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து அந்தப் பகுதியே தேர்வில் கிடையாது. வக்கீல் மூளைக்கு இது கட்டாயம் என்று பல வருஷம் நம்பவைத்திருந்தார்கள். எடுத்த பிறகு எந்தச் சட்டப் பள்ளியும் இடிந்து விழவில்லை.

அப்படியானால் தேர்வைப் புறக்கணிப்போமா என்கிறார்கள் சில தோழர்கள். எனக்கு உடன்பாடில்லை. தமிழிலும் தேர்வு வை என்று போராடுவோம். அந்தப் போராட்டம் முடிகிறவரை நம் பிள்ளையின் வயது காத்திருக்காது. 1968ல் வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். பண்ணையார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது, அதைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டில் நிற்க ஆள் வேண்டும், பெஞ்சில் உட்காரவும் ஆள் வேண்டும். வெண்மணிக்கும் புதிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட தோழருக்கு இதுதான் பதில்.

எனவே புதிரையும் போடுவோம், அதன் பின்னால் இருக்கிற பொய்யையும் உடைப்போம். கல்லூரியில் படிக்கிற தோழர்களே, பழைய வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு மாதம் இரண்டு ஞாயிறு சேரிக்கு வாருங்கள். கட்டம் போடச் சொல்லிக் கொடுக்க ஒரு போர்டும் சாக்பீஸும் போதும்.