காஷ்மீரத்துக் கலியாணமும் நம் வீட்டுப் பாட்டும்



சென்ற திங்களில் காஷ்மீரப் பண்டிதர் வகுப்பைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் இல்லத் திருமணத்திற்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 1990-ஆம் ஆண்டில் பள்ளத்தாக்கில் மூண்ட வன்முறைக்கு அஞ்சி ஜம்முவுக்கும் தில்லிக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்த குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. பிழைப்பு நாடி வந்த நம் நிலை வேறு, ஊரை இழந்து வந்த அவர்கள் நிலை வேறு. ஆயினும் அயலூரில் கலியாணம் நடத்துவோரின் கவலை இருவர்க்கும் ஒன்றே.

அவர்கள் வழக்கங்கள் பல நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. திருமணத்திற்கு முன் வீட்டைத் துப்புரவு செய்து மண்ணால் மெழுகுவது 'லிவுன்' எனப்படும். வாயில் நிலையில் கோலம் தீட்டுவது 'க்ரூல்'. அது அத்தையின் உரிமை. பின்னர் மருதாணி இரவு. 'தேவ்கோன்' என்னும் சடங்கில் மணமகளின் காதுகளில் 'தேஜ்ஹோர்' என்னும் பொன்னணியைச் சிவப்பு நூலில் கோத்துத் தொங்கவிடுகின்றனர். மணம் முடிந்தபின் மாமியார் வீட்டார் அந்நூலை நீக்கிப் பொற்சங்கிலியில் கோக்கின்றனர். மஞ்சள் கயிற்றைப் பொற்கொடியாக மாற்றும் நம் வழக்கம் உடனே என் நினைவுக்கு வந்தது. இறுதியில் மணமக்களின் தலைமேல் சிவப்புத் துணியைப் பிடித்து, அவர்களைச் சிவனும் பார்வதியுமாகப் பாவித்து, உற்றார் சூழ நின்று மந்திரம் முழங்க மலர் தூவுகின்றனர். அதுவே 'போஷ் பூஜை'.

சடங்குகள் தோறும் பெண்கள் பாடும் பாட்டுக்கு 'வன்வுன்' என்று பெயர். காஷ்மீரத்தில் இந்துக்கள், முஸ்லிம்கள் ஆகிய இருசாரார் திருமணங்களிலும் இவ்வகைப் பாடல் உண்டு.

அடுக்குமாடி வீட்டில் மண்ணால் மெழுக இயலவில்லை. ஈரத்துணியால் துடைத்துச் சம்பிரதாயத்தை நிறைவேற்றினர். அதில் ஒருவர்க்கும் வருத்தமில்லை. வருத்தம் வேறொன்றில் இருந்தது. பாட்டு முழுவதும் அறிந்தவர் நண்பரின் தாயார் ஒருவரே. அவர் ஓரடி பாடி நிறுத்துவார். உடன் பாட வேண்டிய பேத்திமார் நாணித் தலை கவிழ்ந்தனர். சிறிது நேரம் சென்றதும் எவரோ ஒலிபெருக்கியில் பதிவுப் பாட்டை வைத்தனர். மூதாட்டி மெல்ல எழுந்து உள்ளே சென்றுவிட்டார்.

வீடு திரும்புகையில் நம் லிங்கராஜபுரத்துத் திருமணங்களை எண்ணிப் பார்த்தேன். வாழைமரம், நாதசுரம், கூறைப்புடவை ஆகிய யாவும் காசு கொடுத்தால் பெங்களூரில் கிடைக்கின்றன. நலங்குக்கும் ஊஞ்சலுக்கும் ஆரத்திக்கும் பாட நம் பெண்மக்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊரிலிருந்து வரும் பாட்டிமாரை நம்பியே இருக்கிறோம். அவர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.

ஆதலின் ஒரு விண்ணப்பம். அடுத்த கலியாணம் வரும்வரை காத்திராமல், வீட்டு முதியோரிடம் நலங்குப் பாட்டொன்றைக் கேட்டு ஏட்டில் எழுதி வையுங்கள். எழுதியதோடு நில்லாது, பிள்ளைகளை அவர் பக்கத்தில் அமர்த்திப் பாடச் செய்யுங்கள். சுருதி பிசகினும் பாதகமில்லை.