மரபுக்குக் காவலர் யார்?

மரபைக் காப்பதென்றால் பழையதைப் பிசகாமல் படியெடுப்பது என்றொரு கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. கோலப் போட்டியானாலும் ஓவியப் போட்டியானாலும், பார்த்ததைப் பார்த்தபடி வரைந்த மாணவியையே பாராட்டுகிறோம். இக்கருத்து பிழையானது, மரபுக்கே பகையானது.

1969இல் லாகூரில் பிறந்த ஷாசியா சிக்கந்தர் என்னும் ஓவியரின் பணியை எண்ணிப் பாருங்கள். பாரசீகத்தில் வளர்ந்து முகலாயர் அவையில் செழித்த நுண்ணோவியம், 1980களில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் பண்டமென இகழப்பட்டது. அவரோ லாகூர் தேசியக் கலைக் கல்லூரியில் பஷீர் அகமதுவிடம் அதை முறையாகப் பயின்றார். தாள்களை அடுக்கி ஒட்டி மெருகேற்றவும், அணில்மயிர்த் தூரிகையால் இழையிழையாக வண்ணம் தீட்டவும் கற்றார். அதன் பின்னரே, வேந்தரும் வேட்டையும் நிறைந்திருந்த அக்கலைக்குள் தம் காலத்துப் பெண்ணின் வாழ்வைக் கொணர்ந்தார். 1989-90இல் அவர் தீட்டிய 'சுருள்' ஏறத்தாழ ஐந்தடி நீளமுடையது. வெண்ணிற ஆடை அணிந்த இளம்பெண் ஒருத்தி முகம் காட்டாமல் ஒரு வீட்டின் அறைதோறும் நடக்கிறாள். இறுதியில் தானே ஓவியம் தீட்டி நிற்கிறாள். அத்தாளில் ஏறிய நிறங்களுள் தேயிலைச் சாயமும் ஒன்று.

அந்தத் தேயிலை நமக்கு அயலானதன்று. 1929இல் ரஸ்ஸல் என்பார் போ தோட்டத்தை நிறுவிய கேமரன் மலையில் கொழுந்து கிள்ளிய கைகளுள் தமிழ்ப் பெண்களின் கைகள் எத்தனை! ஆயினும் அஞ்சலட்டைகளில் அவர்கள் பச்சைச் சரிவின் வண்ணப் புள்ளிகளே. கூடை தெரியும், முகம் தெரியாது. ஷாசியாவின் பெண் முகம் காட்டாதிருப்பது ஓவியரின் முடிவு. நம் பெண்களின் முகத்தையோ பிறர் மறைத்தனர். இன்று அங்கே கொழுந்து எடுப்போருள் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர். லயத்தில் வாழ்ந்த நம் மூதாட்டியரின் நினைவும் மங்கிவிட்டால், அவர்களைத் தீட்டப்போவது யார்?

“மரபில் கலப்படம் செய்யலாமா?” எனச் சிலர் சினப்பர். நுண்ணோவியமே கலப்பில் வளர்ந்ததுதான். அக்பரின் ஓவியச்சாலையில் பாரசீக ஆசான்களும் இந்திய ஓவியரும் சேர்ந்தே உழைத்தனர். அவ்வளவு தொலைவு போவானேன்? புதுவதாகப் புனையும் 'விருந்து' என்பதைத் தொல்காப்பியம் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக வைத்துள்ளதே! பயிலாமல் உடைப்பது கேடு. பயின்று விரிப்பதே வளர்ச்சி.

தமிழாசிரியர்களே, புள்ளியும் இழையும் வழுவாத கோலத்தை மாணவிக்குக் கண்டிப்புடன் கற்பியுங்கள். கற்றபின், அதே கோலத்துக்குள் தன் பாட்டியின் ஒருநாள் வாழ்வை வரையச் சொல்லுங்கள். அவள் வரைந்து வருவதைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். பரிசு அதற்கே உரியது.