சர்க்கார் கொள்முதலில் சிறியவர் யார்?

மத்திய சர்க்கார் இலாகாக்களும் சர்க்கார் கம்பெனிகளும் வருஷந்தோறும் வாங்கும் சாமான்களில் ஒரு பங்கைக் குறுந்தொழில், சிறுதொழில் செய்வோரிடமே வாங்கவேண்டும் என்று 2012-ல் ஓர் உத்திரவு பிறந்தது. அன்று 100-க்கு 20 ஆக இருந்த அப்பங்கு 2018-ல் 100-க்கு 25 ஆக்கப்பட்டது. இவர்களுக்கு டெண்டர் பாரம் இலவசம், டிபாசிட்டும் கட்டவேண்டியதில்லை. பெருந்தொழிலார் கேட்ட விலைக்குமேல் 100-க்கு 15 வரை இவர்கள் அதிகம் கேட்டிருந்தாலும், அந்த விலைக்கு இறங்கிவரச் சம்மதித்தால் ஒரு பகுதி இவர்களுக்கு உண்டு. இவ்வளவையும் நாம் வரவேற்கவே செய்கிறோம்.

ஆனால் சிறியவர் என்பவர் யார் என்பதுதான் நமது கேள்வி. உத்திரவு பிறந்தபோது அமுலிலிருந்த 2006-ம் வருஷத்துச் சட்டப்படி, சாமான் உற்பத்தியில் 5 கோடி ரூபாய் வரை இயந்திரம் வைத்திருந்தவர் சிறுதொழிலார். 2020-ல் அது 10 கோடி ஆயிற்று. வருஷ வியாபாரம் 50 கோடி வரை இருக்கலாம் என்றும் சொல்லப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் 25 கோடிக்கு இயந்திரமும் 100 கோடிக்கு வியாபாரமும் உள்ளவர்கூடச் சிறியவரே! விலைவாசி ஏறவில்லையா என்று கேட்கலாம். ஏறியது உண்மைதான். ஆனால், சோறு 20 படியிலிருந்து 25 படியாக, பந்தியில் உட்காருகிறவர்களின் வயிறு மட்டும் ஐந்து மடங்கு பெருத்தால், நாலு தையல் இயந்திரம் வைத்துப் பிழைப்பவனின் இலையில் என்ன விழும்?

இதைவிட விசித்திரம் ஒன்றுண்டு. அந்தப் பங்கிற்குள் பெண்கள் நடத்தும் தொழிலுக்கு 3-ம், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தொழிலுக்கு 4-ம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் டெண்டருக்கு வராவிட்டாலும், நிபந்தனைக்கும் விலைக்கும் ஒத்துவராவிட்டாலும், அந்த 4-ஐ மற்றச் சிறுதொழிலாரைக்கொண்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று அதே உத்திரவில் வழியும் வைத்துவிட்டார்கள். அதாவது வலது கையால் கொடுத்ததை இடது கையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு! "தகுதியுள்ள ஆள் கிடைக்கவில்லை" என்ற பல்லவியை உத்தியோக விஷயத்தில் நாம் எத்தனை காலம் கேட்டிருக்கிறோம்! பரம்பரையாக நிலமும் முதலும் கடையும் சேரவிடாமல் செய்யப்பட்ட ஒருவன், தலைமுறை தலைமுறையாய் முதல் வைத்திருப்பவன் போடும் விலையைப் போட முடியவில்லையென்றால், அது அவன் குற்றமா? அந்த நிலையை உத்தேசித்துத்தானே ஒதுக்கீடே ஏற்பட்டது?

ஆகவே நாம் கேட்பது இரண்டே. ஒன்று, 25-க்குள் அடித்தட்டுப் பட்டறைக்காரனுக்கென்று ஒரு தனிப் பங்கு பிரித்து வைக்கப்பட வேண்டும். இரண்டு, நிரம்பாத 4 பிறருக்குப் போகாமல் அடுத்த வருஷக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். இடம் காலியாகவே இருக்குமானால்தான், அதற்குரியவருக்குக் கடனும் பயிற்சியும் கொடுத்து ஆள் தயார் செய்யும் கவலை அதிகாரிகளுக்கு வரும்.

பட்டறை வைத்திருக்கும் தோழர்கள் ஊர்தோறும் சங்கமாகக் கூடி, இவ்விரண்டையும் தங்கள் பார்லிமெண்ட் அங்கத்தினரிடம் வற்புறுத்த வேண்டும். எண்ணிக்கை பெரிதா என்று பார்த்துத் திருப்தியடையாமல், அது யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பதே பகுத்தறிவுள்ளவர் வேலை.