அப்பாவின் வாட்சுக்கு அக்ரிலிக்கே சரி



உங்கள் வீட்டுப் பீரோவில் அப்பாவோ தாத்தாவோ கட்டிய எச்.எம்.டி. ஜனதா வாட்ச் இருக்கிறதா? கண்ணாடி மங்கியிருந்தால் "மினரல் கண்ணாடி போட்டுவிடலாம், கீறல் விழாது" என்பார்கள். வேண்டாம் என்பேன். அந்த வாட்சுக்கு உரியது அக்ரிலிக். மினரல் கண்ணாடி உடைந்தால் சில்லு தெறித்து டயலும் முள்ளும் பாழாகும். அக்ரிலிக்கில் கீறல் விழும், ஆனால் அப்படிச் சிதறாது. லேசான கீறலா? துணியில் துளி டூத்பேஸ்ட் வைத்து, தண்ணீர் உள்ளே போகாமல் தேய்த்துப் பாருங்கள்.

விரிசல் விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். புதுக் கண்ணாடி, அது உட்காரும் இடத்தைவிட இம்மியளவு பெரிதாக இருக்கும். கருவியால் சுருக்கி உள்ளே வைத்து விட்டால் தானே விரிந்து இறுகிக்கொள்ளும். அளவு சேராததை உடனடிப் பசையால் ஒட்டினால், பசையின் ஆவி டயலில் வெள்ளையாகப் படியும்.

பெங்களூரில் 1961-இல் தொடங்கிய அந்த வாட்ச் தயாரிப்பை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தது. ஆலையிலிருந்து இனிப் புது டயல் வராது. ஆகவே கடையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: அக்ரிலிக், சரியான அளவு, பசை கூடாது.