டார்வின் தவறிய பள்ளத்தாக்கு

சென்ற தவணைப் பரீட்சையில் புவியியல் வினாத்தாளுக்கு நான் எழுதிய விடையொன்றை, நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் நானே வெட்டிவிட்டேன். அது பிழையென்று எனக்குத் தெரிந்ததால் அல்ல. குறிப்புக் கொப்பியில் இல்லாததால். பள்ளத்தாக்கின் இரு பக்கங்களிலும் படிபோல நிலம் அமைந்திருக்கும் படமொன்றைத் தந்து, காரணம் கேட்டிருந்தார்கள். பழைய ஏரியொன்றின் கரையாக இருக்கலாம் என்று முதலில் எழுதினேன். பிறகு அதை வெட்டிவிட்டு 'ஆற்றுப் படிமேடை' என்று எழுதினேன். புள்ளியும் கிடைத்தது. ஆனாலும் அந்தக் குறுக்குக் கோடு மனதை விட்டுப் போகவில்லை.

எமது பாடப் புத்தகங்களில் விடைகள் இருக்கின்றன. அவ்விடைகளை அடைவதற்கு முன் அறிஞர்கள் விட்ட பிழைகள் இல்லை. அவற்றுக்கும் புத்தகத்தில் இடம் வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கு ஸ்கொட்லாந்தில் உள்ள ஒரு பள்ளத்தாக்கைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

க்ளென் ரோய் என்பது அதன் பெயர். அங்கே மலைச்சரிவுகளில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 260, 325, 350 மீற்றர் உயரங்களில், மூன்று கோடுகள் கிடையாக ஓடுகின்றன. எதிர்ப்பக்கச் சரிவிலும் அதே உயரங்களில் அதே கோடுகள். பழங்கதைகளில் வரும் ஃபிங்கல் என்ற வீரன் வேட்டையாட அமைத்த பாதைகள் இவை என்று ஊர்மக்கள் சொல்லிவந்தனர். இன்றும் அவற்றுக்குச் 'சமாந்தர வீதிகள்' என்றே பெயர். நீர் நிறைந்த வாளி சில நாள் அப்படியே நின்று பிறகு குறைந்தால், உட்பக்கத்தில் ஒரு கோடு படிந்திருக்கும் அல்லவா? அதையே பெரிதாக்கிப் பாருங்கள். இங்கே நீர் நின்றது என்பதில் அறிஞர்களிடையே பெரிய சண்டை இருக்கவில்லை. அது எந்த நீர் என்பதில்தான் சண்டை.

1838ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தமது 29ஆவது வயதில், சார்ள்ஸ் டார்வின் அங்கு சென்றார். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன் சிலி நாட்டில் நிலநடுக்கத்தால் கடற்கரை உயர்ந்திருந்ததையும், மேட்டு நிலங்களில் கடற்சிப்பிகள் கிடந்ததையும் நேரில் கண்டவர் அவர். க்ளென் ரோயைப் பார்த்ததும் அதே நினைப்பு. அவரது தர்க்கத்தைக் கவனியுங்கள். இது ஏரியாக இருந்திருந்தால் பள்ளத்தாக்கின் வாயை ஏதோவொன்று அடைத்திருக்க வேண்டும். அத்தனை உயரமான அணையின் கல்லோ மண்ணோ எங்கும் மிஞ்சியிருக்கவில்லை. ஆகவே இது ஏரியல்ல. ஏரியல்லவெனில் கடல்தான். 1839இல் றோயல் சொசைற்றி அவரது நீண்ட கட்டுரையை வெளியிட்டது. சிப்பி ஒன்றுகூட அங்கு கிடைக்காததற்கும் அவர் சமாதானம் சொன்னார்: அவை கரைந்துபோயிருக்கும்.

அடுத்த ஆண்டே சுவிற்சர்லாந்திலிருந்து லூயி அகாசி வந்தார். பனிக்கட்டியாறு ஒன்று பக்கப் பள்ளத்தாக்கை மறித்து ஏரி உண்டாக்குவதைத் தம் நாட்டில் பார்த்தவர் அவர். க்ளென் ரோயின் அணையும் பனிக்கட்டிதான் என்றார். உருகிப்போன அணை கல்லையும் மண்ணையும் எப்படி விட்டுச்செல்லும்? டார்வின் உடனே இணங்கவில்லை. 1861இல் தோமஸ் ஜேமிசன் அவ்விடத்தை மீண்டும் ஆராய்ந்த பிறகே தம் கருத்தைக் கைவிட்டார். பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் அக்கட்டுரையைப் பெருந்தோல்வி என்றும், அதற்காக வெட்கப்படுவதாகவும் ஒப்புக்கொண்டார். தெரிந்த காரணங்களில் ஒன்றைத் தள்ளிவிட்டால் மற்றையதே உண்மை என்று எண்ணுவதே அவர் விட்ட பிழை. தமக்குத் தெரியாத மூன்றாவது காரணமொன்று இருக்கலாம் என்பதை அவர் மறந்துவிட்டார். (இதை வைத்து அவரது மற்ற உழைப்பையெல்லாம் தள்ளிவிடலாம் என்று யாராவது நினைத்தால், அதுவும் அதே அவசரம்தான்.)

இதில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. மூன்று கோடுகளின் உயரமும் அயலிலுள்ள மூன்று கணவாய்களின் உயரத்தோடு பொருந்துகின்றன. குளம் நிறைந்தால் வான் பாயும். வான் எவ்வளவு உயரமோ அதற்கு மேல் நீர் ஏறாது. அந்தக் கணவாய்கள்தான் க்ளென் ரோய் ஏரியின் வான்கள். பனிக்கட்டியாறு முன்னேறித் தாழ்ந்த கணவாயை அடைத்தபோது நீர் அடுத்த கணவாய்வரை ஏறியது. அதுவும் அடைபட மூன்றாவதற்கு ஏறியது. பனி பின்வாங்கியபோது அதே படிகளில் இறங்கியது. கடலுக்குக் கணவாய் பார்த்து நிற்க வேண்டிய தேவை என்ன? இந்தப் பொருத்தத்தை டார்வினுக்கு இருபது வருடங்களுக்கு முன்னரே, 1818இல், தோமஸ் டிக் லோடர் எடுத்துக்காட்டியிருந்தார். சாட்சி அங்கேயே இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

அடையல்களும் இதையே சொல்கின்றன. ஓடைகள் ஏரியில் விழுந்த இடங்களில் பரலும் மணலும் குவிந்தன. ஆழமான, அசையாத நீரில் மண்டியும் களியும் படிந்தன. கோடையில் உருகுநீர் கொண்டுவந்த சற்றுப் பருமனான மண்டி ஒரு படை. மாரியில் ஏரி உறைந்திருக்க மெல்லப் படிந்த நுண்களி இன்னொரு படை. இரண்டும் சேர்ந்தால் ஓராண்டு. மரத்தின் வளையங்களைப் போல எண்ணிக்கொண்டே போகலாம். இப்படி எண்ணித்தான் 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட கடுங்குளிர்க் காலத்தில், அந்த ஏரிகள் ஏறத்தாழ 500 ஆண்டுகள் நிலைத்திருந்தன என்று அறிந்தார்கள். இந்த எண்ணும் முறையைச் சுவீடனில் வளர்த்தெடுத்தவர் ஜெரார்ட் டி ஈர். 1905ஆம் ஆண்டுக் கோடையில் அவர் களிப்படைகளை அளக்க வெளிக்களத்துக்கு அழைத்துச் சென்றது பல்கலைக்கழக மாணவர்களை. அவரது மனைவி எப்பா ஹுல்ட் டி ஈரும் இதே துறையில் உழைத்த ஆய்வாளர். களியைத் தொட்டு எண்ணும் வேலைக்கு எம் போன்றோரும் போதும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

"பிழையான விடைகளையும் படிப்பித்தால் பிள்ளைகள் பரீட்சையில் அதையே எழுதிவிடுவார்கள்" என்று ஆசிரியை ஒருவர் என்னிடம் சொன்னார். அந்தப் பயம் நியாயமானதே. பாடவிதானத்தை முடிக்கவே தவணை போதாது என்பதும் உண்மை. ஆனால் நான் கேட்பது ஓர் அலகுக்கு ஒரு பக்கம். இது புதிய கோரிக்கையும் அல்ல. அமெரிக்காவின் யூட்டாவில் பொனவில் என்ற பனியுக ஏரியை ஆராய்ந்த ஜி. கே. கில்பெர்ட், 1886இலேயே இதற்கு நெருங்கிய ஒன்றை எழுதினார். விஞ்ஞான முறையை உதாரணங்களால் புகட்ட வேண்டும் என்பது அவரது வாதம். உதாரணத்துக்கு எடுத்ததும் அந்த ஏரியின் கரையையே.

அந்த ஏரி இலங்கையின் பரப்பில் முக்காற் பங்குக்குப் பரந்திருந்தது. இன்றைய பெரும் உப்பு ஏரி அதன் மிச்சம். ஏரிக்கரை மட்டமாக இருக்க வேண்டும். ஆனால் பொனவில் கரையை அளந்தால், ஏரியின் நடுவே தீவுகளாக நின்ற மலைகளில் கோடு உயர்ந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் இருந்தது. புத்தகத்தை மட்டும் படித்த ஒருவர் அளவுகோல் பிழை என்றிருப்பார். கில்பெர்ட் ஒரு காரணத்தோடு நிற்காமல் பல காரணங்களை வரிசையாக வைத்துச் சோதித்தார். நீரின் பாரத்தால் அமிழ்ந்திருந்த புவியோடு, நீர் வற்றியதும் நிமிர்ந்தது என்பது அவற்றுள் ஒன்று. ஆழம் கூடிய நடுப்பகுதியில் பாரமும் கூட. ஆகவே நிமிர்ந்ததும் அங்கேதான் கூட. அந்த விளக்கம் இன்றும் நிற்கிறது.

என் விடைத்தாளுக்கு வருகிறேன். படிமேடைதான் சரியான விடை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆற்றுப் படிமேடை ஆற்றோடு சேர்ந்து கீழ்நோக்கிச் சரியும்; ஏரிக்கரை சரியாமல் மட்டமாக நிற்கும். படத்தில் இருந்த படிகள் சரிந்திருந்தன. இந்த வேறுபாட்டை நான் அறிந்தது க்ளென் ரோயைப் பற்றி வாசித்தபோது. பரீட்சைக்கு மூன்று வாரங்களுக்குப் பிறகு.